இருப்புப்பாதையும் நீர்வழியும்: சர் ஆர்தர் காட்டன் வாழ்க்கை

நுழையும்முன்

பருத்தியும் நூலும் பின்னலாடையும் ஓர் ஊரை வளர்க்க வேண்டுமாயின், அவ்வூருக்கு நீரும் வேண்டும், வழியும் வேண்டும். நொய்யல் ஆற்றங்கரையில் அமைந்து, சென்னையை மேலைக் கடற்கரையோடு இணைக்கும் இருப்புப்பாதையில் நிலையமும் பெற்ற திருப்பூர் இதற்குச் சான்று. பொதுப்பணம் அளவோடு இருக்கும்போது, நீருக்கு முதலிடம் தருவதா, வழிக்கு முதலிடம் தருவதா? பத்தொன்பதாம் நூற்றாண்டில் இவ்வினாவை எழுப்பித் தம் அரசோடு நெடுங்காலம் வாதிட்டவர் பொறியாளர் சர் ஆர்தர் காட்டன். பாசனப் பணிகளால் அறியப்பட்ட அவரே தமிழகத்து முதல் இருப்புப்பாதையையும் அமைத்தவர். நீராவித் தொடர்வண்டியின் வரலாற்றோடு இணைந்து சென்ற அவரது வாழ்க்கையை இப்பாடம் எடுத்துரைக்கிறது.

நீராவி பிறந்த காலம்

ஆர்தர் காட்டன் 1803ஆம் ஆண்டு மே 15ஆம் நாள் இங்கிலாந்தில் ஹென்றி கால்வெலி காட்டனின் பத்தாவது மகனாகப் பிறந்தார். அதற்கு அடுத்த ஆண்டில், ரிச்சர்டு டிரெவிதிக் என்பவர் அமைத்த நீராவி எந்திரம் வேல்சு நாட்டின் இரும்பாலை ஒன்றில் தண்டவாளத்தின்மீது சுமையை இழுத்துச் சென்றது. தண்டவாளம் அதற்கு முன்பே இருந்தது. நிலக்கரிச் சுரங்கங்களிலிருந்து ஆற்றுத்துறை வரை மரத்தாலும் இரும்பாலும் பாதை அமைத்து, அதன்மேல் குதிரைகள் வண்டிகளை இழுத்து வந்தன. அவ்விடத்தில் நீராவியை நிறுத்தியதே புதிய முயற்சி.

ஜார்ஜ் ஸ்டீபன்சனின் உழைப்பால் 1825இல் ஸ்டாக்டன் – டார்லிங்டன் பாதையும், 1830இல் லிவர்பூல் – மான்செஸ்டர் பாதையும் திறக்கப்பட்டன. பின்னதன் நோக்கம் கருதத்தக்கது. லிவர்பூல் துறைமுகத்தில் வந்திறங்கிய பருத்தியை மான்செஸ்டர் ஆலைகளுக்கு விரைந்து கொண்டு சேர்ப்பது அப்பாதையின் தலையாய பணிகளுள் ஒன்று. நீராவியும் பருத்தியும் தொடக்கத்திலேயே ஒன்றை ஒன்று வளர்த்தன. 1840களில் பிரிட்டனில் இருப்புப்பாதை அமைக்கும் வேட்கை பெருகியது. பெருநகரங்களை இணைக்கும் தலைமைப் பாதைகளிலிருந்து சுரங்கம், துறைமுகம், சந்தையூர் ஆகியவற்றை நோக்கிக் கிளைப்பாதைகள் பிரிந்தன. ஆற்றுக்கு ஓடைகள் நீர் சேர்ப்பதுபோல, கிளைப்பாதைகள் தலைமைப் பாதைக்குச் சுமை சேர்த்தன.

காட்டன் அடிஸ்கம் படைத்துறைப் பயிலகத்தில் பயின்று, 1819இல் பொறியாளர் படைப்பிரிவில் சேர்ந்தார். 1821இல் சென்னை மாகாணப் பணிக்கு அமர்த்தப்பட்டார். நாட்டின் முதல் இருப்புப்பாதைகள் எழுந்த ஆண்டுகளில் அவர் தமிழகத்து ஏரிகளையும் ஆறுகளையும் அளந்துகொண்டிருந்தார்.

காவிரி கற்பித்த பாடம்

தமிழகத்தில் அவர் மேற்கொண்ட தொடக்கப் பணிகளுள் ஒன்று பாம்பன் கால்வாயை ஆராய்வது. பின்னர்த் தென்மாவட்ட ஏரிகளைப் பேணும் துறையில் பணியாற்றினார். இடையில் முதல் பர்மியப் போரிலும் பங்கேற்றார். 1828ஆம் ஆண்டளவில் காவிரிப் பாசனத்தை ஆராயும் பொறுப்பு அவரிடம் வந்தது.

திருச்சிராப்பள்ளிக்கு மேற்கே காவிரியிலிருந்து கொள்ளிடம் பிரிகிறது. கொள்ளிடத்தின் படுகை தாழ்வானதாகையால் வெள்ளம் அதன்வழியே கடலுக்கு ஓடியது. காவிரியிலோ மணல் மேடிட்டது. தஞ்சை வயல்கள் வாடின. இதற்குத் தீர்வு தேடிய காட்டன், பல நூற்றாண்டுகளாக நிலைத்து நின்ற கல்லணையைக் கூர்ந்து ஆராய்ந்தார். ஆழமான பாறை அடித்தளம் இல்லாமல், ஆற்று மணலில் கற்களை அமிழ்த்தி, அவை இறங்கி இறுகிய பின் மேலே கட்டும் முறையை அதில் கண்டார். பெயர் தெரியாத பழந்தமிழ்க் கட்டுநரிடமிருந்தே இதைத் தாம் கற்றதாக அவர் வெளிப்படையாக ஏற்றுக்கொண்டார். கல்லணையில் மணலை வெளியேற்றும் மடைகளை அமைத்தார். முக்கொம்பில் கொள்ளிடத்தின் குறுக்கே அவர் எழுப்பிய மேலணை 1836இல் நிறைவுற்றது. தஞ்சைக்குச் செல்லும் நீர் உறுதிப்பட்டது. விளைச்சலும் அரசின் வருவாயும் உயர்ந்தன.

செங்குன்றத்தில் ஓர் இருப்புப்பாதை

மேலணை முடிந்த காலத்திலேயே காட்டனின் கவனம் மற்றொரு சிக்கலின்பால் சென்றது. சென்னை நகரின் சாலைகளுக்குக் கல் வேண்டியிருந்தது. நகருக்கு வடமேற்கே செங்குன்றம் பகுதியில் செம்புரைக்கல் கிடைத்தது. அதை மாட்டுவண்டியில் கொண்டுவருவதற்குக் கல்லின் விலையைவிடக் கூலி மிகுதியாயிற்று. மழைக்காலத்தில் வண்டிகள் சேற்றில் புதைந்தன. ஆகவே இருப்புப்பாதை அமைப்பதே வழி என அவர் முடிவு செய்தார்.

1836இல் சிந்தாதிரிப்பேட்டையருகே சிறு பாதை ஒன்று சோதனைக்காக இடப்பட்டது. அதன் தொடர்ச்சியாக 1837இல் செங்குன்றம் இருப்புப்பாதை இயங்கத் தொடங்கியது. இந்தியாவின் முதல் இருப்புப்பாதையாக வரலாற்றாசிரியர் குறிப்பிடுவது இதனையே. அதில் வில்லியம் ஏவரி உருவாக்கிய சுழல்வகை நீராவி எந்திரமும் பயன்படுத்தப்பட்டது. எனினும் விலங்குகள் இழுத்த வண்டிகளே பெரும்பாலும் ஓடின. பயணிகளை ஏற்றிய முதல் தொடர்வண்டி மும்பையிலிருந்து தானேவுக்கு 1853 ஏப்ரல் 16ஆம் நாள் புறப்பட்டது. அதற்குப் பதினாறு ஆண்டுகளுக்கு முன்பே தமிழ்நிலத்தில் தண்டவாளத்தின்மேல் சுமைவண்டி ஓடியது.

பின்னாளில் கோதாவரி அணைக்குக் கல் கொண்டுசெல்லவும் அவர் தவளேசுவரத்தில் இருப்புப்பாதை அமைத்தார். தண்டவாளத்தின் ஆற்றலை நன்கு அறிந்தவர் என்பதால், பின்னர் அவர் எழுப்பிய மறுப்பு அறியாமையால் எழுந்ததன்று.

தெரிந்து தெளிவோம்

கொதிகலத்தில் நீர் ஆவியாகும்போது அதன் பருமன் பல நூறு மடங்கு பெருக முயல்கிறது. மூடிய கலத்தில் அடைபட்ட அந்த அழுத்தம் உருளைக்குள் உள்ள உந்துதண்டை முன்னும் பின்னும் தள்ளுகிறது. இணைப்புத்தண்டு அவ்வசைவைச் சக்கரத்தின் சுழற்சியாக மாற்றுகிறது. இரும்பின்மேல் இரும்பு உருள்வதால் உராய்வு மிகக் குறைவு. ஆதலால் குறைந்த விசையால் மிகுந்த சுமையை இழுக்க முடிகிறது. ஆனால் அதே காரணத்தால் செங்குத்தான ஏற்றத்தில் சக்கரம் வழுக்கும். எனவே இருப்புப்பாதைக்கு மென்சரிவான நிலம் தேவை. நீராவி எந்திரத்துக்கு எரிபொருளைப் போலவே நீரும் இடைவிடாது தேவைப்பட்டது. வழியில் நிலையங்களில் நீர்த்தொட்டிகள் அமைக்கப்பட்டதன் காரணம் இதுவே.

கோதாவரியில் கண்ட வழி

1833ஆம் ஆண்டின் குண்டூர்ப் பஞ்சம் ஆந்திரக் கடற்கரை மாவட்டங்களைச் சிதைத்தது. பெரும் ஆறு ஒன்று அருகே கடலில் கலந்துகொண்டிருக்க, அதன் கரையில் மக்கள் பட்டினியால் மாண்டனர். இம்முரணே காட்டனைக் கோதாவரிக்கு அழைத்துச் சென்றது. உடல்நலக் குறைவால் இடையிடையே விடுப்பில் செல்ல நேர்ந்தபோதிலும் அவர் திட்டத்தைக் கைவிடவில்லை. 1847இல் தொடங்கிய தவளேசுவரம் அணைக்கட்டு 1852இல் நிறைவுற்றது. ஆற்றிடைத் தீவுகளை இணைத்து நான்கு பகுதிகளாக அது கட்டப்பட்டது.

அங்கு வெட்டிய கால்வாய்கள் வயலுக்கு நீர் தந்ததோடு நில்லாமல் படகுகளையும் தாங்கின. நீர்மட்டம் மாறும் இடங்களில் இருபுறமும் கதவுகள் கொண்ட நீரறைகள் அமைக்கப்பட்டன. படகுகள் அவற்றின்வழியே ஏறி இறங்கின. கரையில் நடந்தவாறே ஓரிருவர் கயிற்றால் இழுத்துச் செல்லும் படகு, பல மாட்டுவண்டிகளின் நெல்லைச் சுமந்தது. ஒரே கால்வாய் உணவை விளைவிக்கவும் அதைச் சந்தைக்குச் சேர்க்கவும் பயன்பட்டதைக் காட்டன் கண்டார். அவரது பிற்காலக் கருத்துகளுக்கெல்லாம் இதுவே அடித்தளமாயிற்று.

பாதை பற்றிய பெருவிவாதம்

1853இல் தலைமை ஆளுநர் டல்ஹவுசி இந்தியா முழுமைக்குமான இருப்புப்பாதைத் திட்டத்தை வகுத்தார். பாதையை அமைத்த கம்பெனிகள் பிரிட்டனில் முதல் திரட்டின. அவற்றுக்கு அரசு நிலத்தை விலையின்றி அளித்தது. வருவாய் குறைந்தாலும் 5 விழுக்காடு வட்டி கிடைக்கும் என்ற உறுதியையும் வழங்கியது. பற்றாக்குறையை ஈடுசெய்தது இந்தியரின் வரிப்பணம். செலவு மிகுந்தாலும் முதலிட்டவருக்கு இழப்பில்லை என்பதால் சிக்கனம் தளர்ந்தது.

இக்காலத்தில் இந்தியப் பொதுப்பணிகள் குறித்துக் காட்டன் நூல் எழுதினார். அவரது வாதம் தெளிவானது. இந்தியாவில் இடம்பெயரும் பொருள்கள் நெல், உப்பு, பருத்தி, மரம் போன்றவை; எடை மிகுந்தவை, விலை குறைந்தவை. அவற்றுக்கு விரைவைவிடக் கூலிக் குறைவே தேவை. ஒரு கல் தொலைவு இருப்புப்பாதைக்கு ஆகும் செலவில் பல கல் தொலைவு கால்வாய் வெட்டலாம். மேலும் இருப்புப்பாதை விளைந்ததைக் கொண்டுசெல்லும்; புதிதாக ஒரு மணி நெல்லையும் விளைவிக்காது. கால்வாய் இரண்டையும் செய்யும். ஆகவே பெருநதிகளைக் கால்வாய்களால் இணைத்து நாடு முழுதும் நீர்வழி அமைக்க வேண்டும் என்பது அவரது திட்டம்.

எதிர்த்தரப்பிலும் வலுவான காரணங்கள் இருந்தன. கழிமுகச் சமவெளியில் இயலும் கால்வாய், மேட்டுநிலத்தில் எளிதாக இயலாது. கோடையில் ஆறுகள் வறண்டால் படகும் நிற்கும். விரைவாகக் கொண்டுசெல்ல வேண்டிய பொருள்களும் மக்களும் உண்டு. இவற்றோடு அரசின் நோக்கங்களும் கலந்திருந்தன. 1857ஆம் ஆண்டுக் கிளர்ச்சிக்குப் பின் படையை விரைந்து நகர்த்துவது ஆட்சியின் முதற்கவலையாயிற்று. தண்டவாளமும் எந்திரமும் பிரிட்டனிலிருந்தே வந்தமையால் அங்குள்ள ஆலைகள் ஆதாயம் பெற்றன. இருப்புப்பாதைக்கே முதலிடம் கிடைத்தது. 1860இல் பணியிலிருந்து ஓய்வுபெற்ற காட்டனுக்கு 1861இல் சர் பட்டம் வழங்கப்பட்டது. அவரைப் பாராட்டிய அரசு அவரது அறிவுரையை ஏற்கவில்லை.

கொங்கு நாட்டில் தொடர்வண்டி

தென்னிந்தியாவின் முதல் பயணியர் பாதை 1856 ஜூலை 1ஆம் நாள் ராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடு வரை திறக்கப்பட்டது. மெட்ராஸ் ரெயில்வே கம்பெனி அதை மேற்கு நோக்கி நீட்டியது. மேலைக் கடற்கரையில் பேப்பூர்ப் பகுதியிலிருந்தும் கிழக்கு நோக்கிப் பணி நடந்தது. மேற்குத் தொடர்ச்சி மலை நெடுஞ்சுவராக நிற்க, அதில் ஏறத்தாழ 30 கிலோமீட்டர் அகலத்தில் அமைந்த பாலக்காட்டுக் கணவாயே மென்சரிவான வாயிலைத் தந்தது. 1862இல் இரு கடற்கரைகளும் இணைந்தன. சேலம், ஈரோடு, திருப்பூர், போத்தனூர் ஆகியவை அப்பாதையில் அமைந்தன.

பின்னர்க் கிளைகள் பிரிந்தன. திருச்சிராப்பள்ளியிலிருந்து கரூர் வழியாக வந்த பாதை 1868இல் ஈரோட்டை அடைந்தது. தலைமைப் பாதை போத்தனூர் வழியே சென்றமையால் தனித்து நின்ற கோயம்புத்தூர், 1873இல் போத்தனூர் – மேட்டுப்பாளையம் கிளைப்பாதையால் தொடர்வண்டியைப் பெற்றது. இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் பொள்ளாச்சி, உடுமலைப்பேட்டை, பழனி ஆகிய ஊர்களும் கிளைப்பாதையால் இணைந்தன.

பருத்திக்கு இது பெருவாய்ப்பாயிற்று. 1861 முதல் 1865 வரை நடந்த அமெரிக்க உள்நாட்டுப் போரால் லங்காசயர் ஆலைகளுக்கு வரும் பருத்தி குறைந்தது. இந்தியப் பருத்திக்கு விலை ஏறியது. கொங்கு மண்ணின் பருத்தி தொடர்வண்டியில் ஏறித் துறைமுகம் சேர்ந்தது. அதே பாதையின்வழியே ஆலைத்துணி உள்நாட்டுச் சந்தைகளுக்கு வந்திறங்கியது. கைத்தறி நெசவாளர் வாழ்வு தளர்ந்தது. தென்னிந்தியாவில் அருகில் நிலக்கரி கிடைக்காமையால் தொடக்கத்தில் விறகே பெரிதும் எரிக்கப்பட்டது, காடுகள் சுருங்கின. வழி வந்ததால் சிலருக்கு ஏற்றமும் சிலருக்கு இறக்கமும் நேர்ந்தன.

பெரும்பஞ்சத்தின் தீர்ப்பு

1876 முதல் 1878 வரை தென்னிந்தியாவை வாட்டிய பஞ்சத்தைத் தமிழ்மக்கள் தாது ஆண்டுப் பஞ்சம் என்று நினைவிற்கொண்டனர். சேலம், கோயம்புத்தூர் மாவட்டங்களும் அதில் பெருந்துயருற்றன. சென்னை மாகாணத்தில் பல இலட்சம் பேர் மாண்டனர். இருப்புப்பாதை இருந்தும் இது நேர்ந்தது.

தொடர்வண்டிகள் வெளியூர்த் தானியத்தைக் கொண்டுவந்தன. அவை வாராதிருந்தால் இழப்பு இன்னும் பெருகியிருக்கும். ஆயினும் தானியம் விலை உயர்ந்த இடத்தை நாடியே சென்றது. விளைச்சலும் வேலையும் இழந்த உழவுக்கூலிகளிடம் அதை வாங்கப் பணமில்லை. நிலையத்தில் மூட்டைகள் குவிந்திருந்தாலும், வாங்கும் ஆற்றலற்றவர் வீட்டில் அடுப்பு எரியவில்லை. இதற்கு மாறாக, அணைக்கட்டுகளால் நீர் பெற்ற கோதாவரிக் கழிமுகத்தில் விளைச்சல் பெருமளவு காக்கப்பட்டது.

எழுபது வயதைக் கடந்த காட்டன் மீண்டும் வாதத்தில் இறங்கினார். 1878இல் பிரிட்டானிய நாடாளுமன்றக் குழுவின் முன் நின்று வினாக்களுக்கு விடையளித்தார். அவரது பெருந்திட்டங்கள் ஏற்கப்படவில்லை. அவற்றின் செலவுக் கணக்கை ஐயுறவும் காரணம் இருந்தது. அவரது கருத்தையொட்டித் தனியார் கம்பெனி ஒன்று வெட்டிய கர்நூல் – கடப்பைக் கால்வாய் எதிர்பார்த்த வருவாயைத் தரவில்லை. படகுப் போக்குவரத்தும் பெருகவில்லை. அந்தக் கம்பெனிக்கும் வரிப்பணத்திலிருந்தே 5 விழுக்காடு வட்டி உறுதி தரப்பட்டிருந்தது. இறுதியில் 1882இல் அரசே கால்வாயை ஏற்க நேர்ந்தது. கழிமுகத்தில் வென்ற வழி மேட்டுநிலத்திலும் அவ்வாறே வெல்லும் என்று அவர் நம்பியது மிகைநம்பிக்கையாயிற்று.

ஆயினும் அவரது குரல் வீண்போகவில்லை. பின்னர் அமைந்த பஞ்ச ஆணையம் இருப்புப்பாதைகளோடு பாசனப் பணிகளையும் வலியுறுத்தியது.

தெரியுமா?

சென்னையின் பக்கிங்காம் கால்வாயில், கூவத்தையும் அடையாற்றையும் இணைக்கும் பகுதி தாது ஆண்டுப் பஞ்சத்தின்போது துயர்தணிப்புப் பணியாக வெட்டப்பட்டது. அப்போதைய ஆளுநர் பக்கிங்காம் கோமகனின் பெயரே கால்வாய்க்கு வழங்கலாயிற்று.

இறுதிக்காலமும் எஞ்சிய வினாவும்

முதுமையில் காட்டன் இங்கிலாந்தின் டார்க்கிங் என்னும் ஊரில் வாழ்ந்தார். அங்கும் ஓய்ந்திருக்கவில்லை. நிலத்தை ஆழமாகக் கிளறிக் கோதுமை விளைச்சலைப் பெருக்கும் முயற்சியில் ஈடுபட்டார். 1899ஆம் ஆண்டு ஜூலை 24ஆம் நாள், தொண்ணூற்றாறாம் வயதில் மறைந்தார். அதற்கு முந்திய மாதத்தில்தான் மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூர் வரை மலைப்பாதை திறக்கப்பட்டது. தண்டவாளங்களுக்கிடையே பற்சட்டம் பதித்து, பற்சக்கரத்தால் அதைப் பற்றி ஏறும் எந்திரம் அங்கு இயங்கியது. டிரெவிதிக்கின் முதல் முயற்சிக்கு ஓராண்டு முன்னர்ப் பிறந்தவரின் வாழ்நாளுக்குள்ளேயே நீராவி மலையேறக் கற்றுவிட்டது.

வரலாறு இருதரப்புக்கும் ஓரளவு நீதி வழங்கியுள்ளது. இருப்புப்பாதை இன்றிக் கொங்கு நாட்டின் ஆலைகளும் திருப்பூரின் பருத்திச் சந்தையும் பின்னலாடைத் தொழிலும் இன்றைய வளர்ச்சியை எய்தியிருத்தல் அரிது. படகு ஏறாத மேட்டுநிலத்துக்குத் தண்டவாளமே உரிய வழி. எனினும் நாடு விடுதலை பெற்றபின் கீழ்பவானி, அமராவதி, பரம்பிக்குளம் – ஆழியாறு ஆகிய பாசனத் திட்டங்கள் வந்த பிறகே அம்மேட்டுநிலத்தின் பெரும்பகுதி வறட்சியின் பிடியிலிருந்து தளர்வு பெற்றது. சாயக்கழிவால் நொய்யல் கெட்டபோது, 2011இல் உயர்நீதிமன்ற ஆணையால் சாயப்பட்டறைகள் மூடப்பட்டு, பின்னலாடைத் தொழிலே தடுமாறியது. வழி செம்மையாக இருந்தும் நீர் கெட்டதால் தொழில் நின்றது.

காட்டனின் கணக்குகளில் சில பொய்த்தன. ஆனால் அவர் எழுப்பிய வினா பொய்க்கவில்லை. ஒரு திட்டத்தின் சிறப்பை அதன் விரைவாலும் அது ஈட்டும் ஆதாயத்தாலும் மட்டும் அளக்கலாகாது. வறியவரின் கலத்தில் அது சோற்றைச் சேர்க்கிறதா என்றும் நோக்க வேண்டும். முதல் தண்டவாளத்தை இட்ட கையே இவ்வளவுகோலையும் நமக்குத் தந்து சென்றிருக்கிறது.

கற்பவை கற்றபின்

1. உங்கள் ஊருக்கு அருகிலுள்ள தொடர்வண்டி நிலையம் எந்தத் தலைமைப் பாதையில் அல்லது கிளைப்பாதையில் அமைந்துள்ளது? அதனால் வளர்ந்த தொழில்களைக் கேட்டறிந்து எழுதுக.

2. பொதுப்பணம் அளவோடு இருக்குமாயின் முதலிடம் பெற வேண்டியது இருப்புப்பாதையா, பாசனமா? வகுப்பில் இரு குழுக்களாகப் பிரிந்து சொற்போர் நிகழ்த்துக.

3. நொய்யல், பவானி, அமராவதி ஆகிய ஆறுகளுள் ஒன்றின் அணைக்கட்டுகளையும் கால்வாய்களையும் குறித்து வரைபடம் உருவாக்குக.